உழைச்சவனெல்லாம் முன்னேறிட்டானா?

‘அவங்களும் பிழைக்க வந்தவங்கதான், இவங்களும் பிழைக்க வந்தவங்கதான். அவங்க எங்கேயோ போயிட்டாங்க. இவங்க அப்படியே கிடக்காங்க. காரணம் என்ன சார்?’

ரயிலில், கல்யாணப் பந்தியில், அபார்ட்மென்ட் மொட்டை மாடியில்... இந்தக் கேள்வி உங்கள் காதிலும் விழுந்திருக்கும். கேட்கிறவர் நம் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். அவரே சொல்லிவிடுவார். ‘உழைப்பு சார். சிக்கனம். புள்ளைங்களைப் படிக்க வைக்கணும்கிற வைராக்கியம். அதெல்லாம் ரத்தத்துல வரணும்.’ அப்புறம் குரலைத் தாழ்த்தி, ‘அதோட குடி வேற!’ என்பார். ‘இவங்களுக்கு எதுக்கு சார் ரிசர்வேஷன், அதுலயும் உள் ஒதுக்கீடு?’ என்பதில்தான் வண்டி எப்போதும் வந்து நிற்கும்.

இந்த ஆசாமியோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இந்த வாரம் போட்டுவிடலாம். சண்டைக்கான களம், கோவில்பட்டி.

கோவில்பட்டி என்றதும் உங்களுக்குக் கடலைமிட்டாய் ஞாபகம் வரலாம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய். தீப்பெட்டி, ஹாக்கி என்று இன்னும் சில பெருமைகளும் உண்டு. ஆனால் நான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வேறு. சுற்றியுள்ள கரிசக்காட்டு ஊர்களில் பாதிக்கு மேல் ‘எங்க பூட்டன் அங்கேயிருந்து வந்தவரு’ என்று வடக்கே கை காட்டுகிற குடும்பங்கள்தான். விஜயநகரப் பேரரசு தெற்கே இறங்கியது. 1529 வாக்கில் மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சிக்கு வந்தார். நாடு 72 பாளையங்களாகப் பிரிந்தது. அந்தக் காலத்திலும் அதையொட்டியும் தெலுங்கு பேசும் மக்கள் அலை அலையாகத் தெற்கே வந்தார்கள். எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் ராஜகம்பளத்தார் கையில் இருந்தன. கரிசல் நிலத்தைக் கம்மவாரும் ரெட்டியாரும் திருத்தினார்கள். அதே தெலுங்கைப் பேசிக்கொண்டு இன்னொரு கூட்டமும் இந்த மண்ணில் குடியேறியது. அவர்கள் அருந்ததியர்.

(அருந்ததியர் வெளியிலிருந்து வந்தவர்களே அல்ல, இந்த மண்ணின் பூர்வகுடிகள் என்று வாதிடுகிற ஆய்வாளர்களும் உண்டு. அது தனி விவாதம். ஐந்நூறு வருஷம் ஒரு மண்ணில் வேர்வை சிந்தியவனை ‘வந்தேறி’ என்று வைகிற அரசியலும் எனக்குப் பிடிக்காது. நம்ம வீட்டுப் பையன் அமெரிக்காவில் பத்து வருஷம் இருந்துவிட்டு கிரீன் கார்டு கேட்பதை மட்டும் நியாயம் என்போம்!)

ஆக, நம்ம ஆசாமி கேட்கிற ஒப்பீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. வீட்டில் பேசும் மொழி ஒன்று. மண் ஒன்று. வானம் பார்த்த அந்தப் புஞ்சையில் பெய்கிற, பெய்யாமல் போகிற மழையும் ஒன்று. முடிவு மட்டும் ஏன் வேறு?

இரண்டு நாவல்களைப் படித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ 1976-ல் வந்தது. கம்மவார் தெற்கே ஓடிவந்து, காட்டைத் திருத்தி, ஊர் உண்டாக்கிய கதை. அடுத்த மூன்றே வருஷத்தில், 1979-ல், அதே கரிசல் மண்ணிலிருந்து பூமணியின் ‘பிறகு’. அதன் நாயகன் அழகிரி, ஊருக்குச் செருப்பும் கமலைத் தோலும் தைக்கிற தொழிலாளி. முதல் கதையில் வருகிறவர்கள் நிலத்தை உண்டாக்குகிறார்கள். இரண்டாவது கதையில் வருகிறவர் அந்த நிலத்துக்குத் தண்ணீர் போக வழி தைத்துக் கொடுக்கிறார். இதில் யார் சோம்பேறி? நம்ம ஆசாமியைக் கேளுங்கள்.

கமலை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கிணற்று மேட்டில் மாடுகள் சரிவில் இறங்கும். வடம் இழுபடும். உள்ளேயிருந்து கூனை நிறையத் தண்ணீர் மேலே வரும். கூனைக்குக் கீழே யானைத் துதிக்கை மாதிரி ஒரு தோல் வால். அது இல்லாவிட்டால் தண்ணீர் தொட்டிக்கு வராது. மாடு செத்தால் தூக்கிப் போவது, உரிப்பது, தோலைப் பதனிடுவது, கமலைக்குத் தைப்பது, கிழிந்தால் ஒட்டுப் போடுவது... எல்லாம் அருந்ததியர் வேலை. கிணற்றுப் பாசனம் நடந்த ஒவ்வொரு தோட்டத்திலும் அவர்கள் கை இருந்தது. கரிசக்காட்டுச் சம்சாரியின் வயலில் அவர் வீட்டார் எவ்வளவு பாடுபட்டார்களோ, அவ்வளவு இவர்களும் பட்டார்கள். செத்த மாட்டின் நாற்றம் உபரி.

கூலி? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கூலி பணமாக வரவில்லை. அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் போய் நிற்க வேண்டும். இத்தனை மரக்கால் கம்பு, இத்தனை மரக்கால் சோளம் என்று அளந்து போடுவார்கள். இந்தப் படிக்கு அந்தக் காலத்தில் ஒரு பேர் இருந்தது. ‘சுதந்திரம்’! நான் கிண்டல் பண்ணவில்லை. ஊர்த் தொழிலாளிகளுக்குக் களத்தில் அளக்கிற தானியத்துக்கு நிஜமாகவே அதுதான் பேர்.

தானியமாக வருகிற கூலியை என்ன செய்ய முடியும்? சாப்பிடலாம். அடுத்த அறுவடைக்கு முன்பே தீர்ந்துவிடும். அதை வட்டிக்கு விட முடியாது. அதை வைத்துக் கடை போட முடியாது. மழை பொய்த்தால் களமே இல்லை, கூலியும் இல்லை. தைத்த தோலைப் பக்கத்து ஊர்ச் சந்தையில் நல்ல விலைக்கு விற்கலாம் என்றால், அது விற்கிற சரக்கில்லை, ஊருக்குச் செய்கிற ஊழியம். விலையை யார் முடிவு செய்கிறார்? தண்ணீர் யாருக்குத் தேவையோ, அவரே.

இப்போது எதிர்ப்பக்கம். கம்மவார் நண்பர்கள் சிலருக்கு மூக்கு மேல் கோபம் வந்திருக்கும். ‘எங்க தாத்தாவும் கம்மங்கூழ்தான்யா குடிச்சாரு. கரிசக்காட்டுல என்ன கொட்டியா கிடக்கு?’ உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. கரிசல் சம்சாரியின் பாட்டைப் பணக்காரன் பாடு என்று சொன்னால் கி.ரா. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட வேண்டும். கடனில் மூழ்கி, காட்டை விற்று, திருப்பூருக்கும் சென்னைக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் உழைக்காமல் மேலே வந்தார்கள் என்று நான் சொல்லவே இல்லை.

ஆனால் அந்த வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘காட்டை விற்று.’ விற்பதற்கு ஒரு காடு இருந்தது! ‘நாலு குறுக்கத்தை வித்து எங்க அப்பா என்னை இன்ஜினீயருக்குப் படிக்க வச்சாரு’ என்று பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டிய பெருமைதான். நிலம் என்பது விளைச்சல் மட்டுமல்ல சார். அதை அடகு வைக்கலாம். அதைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கலாம். பருத்தி விலை ஏறினால் கையில் காசு நிற்கும். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் வந்தது. லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன. நம்ம ஊர்ப் பருத்திக்கு எகிறிய விலை கிடைத்தது. அப்புறம் ரயில் வந்தது, ஜின்னிங் ஃபாக்டரி வந்தது, மில் வந்தது. உலகத்தின் அந்த மூலையில் அடித்த காற்று கோவில்பட்டியில் யார் வீட்டுக் கதவைத் தட்டியது? பருத்திக்காடு வைத்திருந்தவர் வீட்டுக் கதவை. அந்தச் சம்சாரிக்குத் தோல் தைத்தவருக்கு அந்த வருஷமும் அதே மரக்கால் கம்பு.

சரி, நம்ம ஆசாமி இதற்கெல்லாம் மசிய மாட்டார். துருப்புச் சீட்டை எடுப்பார். ‘அப்போ நாடார்? அவங்களுக்கு யார் நிலம் குடுத்தா? அவங்களையும்தானே கோயிலுக்குள்ள விடலை?’

நல்ல கேள்வி. இதற்கு நின்று நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நாடார்களும் கரிசலுக்கு வந்தவர்கள்தான். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வடக்கே வந்தவர்கள். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை என்று ஊர் ஊராகக் கடை விரித்தவர்கள். அவர்கள் கொண்டுவந்தது என்ன? கருப்பட்டி, கருவாடு, உப்பு.

கருப்பட்டியையும் கமலைத் தோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் உயிரைக் கொடுத்துச் செய்கிற பொருள்தான். பனையிலிருந்து விழுந்தால் எலும்பு மிஞ்சாது. ஆனால் கருப்பட்டியை வண்டியில் ஏற்றலாம். கெடாமல் வைத்து விலை ஏறும்போது விற்கலாம். முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஆளுக்கு விற்கலாம். விற்றால் காசு. அந்தக் காசைக் கூட்டாகச் சேர்த்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று ‘மகமை’ எடுத்தார்கள். வண்டிகளையும் சரக்கையும் காப்பாற்றப் பேட்டைகள் கட்டினார்கள். மகமைப் பணத்தில்தான் விருதுநகரில் க்ஷத்ரிய வித்யாசாலா வந்தது. பின்னால் காமராஜர் படித்த பள்ளிக்கூடம். 1910-ல் நாடார் மகாஜன சங்கம். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க். சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். கேட்கக் கேட்க எனக்கே மெய்சிலிர்க்கிற வரலாறு.

அதன் இன்னொரு பக்கத்தையும் படியுங்கள். அவர்கள் எழுந்து நின்றதும் என்ன நடந்தது? 1895-ல் கோவில்பட்டிக்குப் பக்கத்திலிருக்கும் கழுகுமலையில் வீதி உரிமைக்காகக் கலவரம், கொலை. 1899-ல் சிவகாசிக் கொள்ளை. கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காக நடந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. (பூமணியின் ‘அஞ்ஞாடி’யில் இந்தக் காலம் பூராவும் வருகிறது. ஆயிரம் பக்கம், பயப்படாமல் படியுங்கள்.) கையில் காசும் சங்கமும் பேட்டைச் சுவரும் இருந்தவர்களுக்கே இந்தக் கதி. ஊருக்கு நாலு குடும்பமாகச் சிதறி, ஊர்ச் சோற்றை நம்பி வாழ்ந்த அருந்ததியர் மகமை எடுத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? எதில் எடுப்பது? கம்பிலா?

இன்னொன்று. நாடார்களிலும் மேலே வந்தது யாவாரத்துக்கு வந்த கூட்டம்தான். பனையிலேயே நின்றவர்கள் ரொம்ப காலம் கடனிலேயே நின்றார்கள். ஒரே சாதி, ஒரே ரத்தம். ஆக, ரத்தம் என்கிற வாதம் இங்கேயே படுத்துவிட்டது.

இப்போது கடல் தாண்டிப் போவோம். ஏனென்றால் இதே ஒப்பீட்டை நம்மை வைத்தும் செய்கிறார்கள்.

மலேசியாவில் ஒரு பேச்சு உண்டு. ‘சீனனும் கூலியாத்தான் வந்தான், தமிழனும் கூலியாத்தான் வந்தான். சீனன் கடை முதலாளி ஆயிட்டான். தமிழன் தோட்டத்துலயே கிடந்தான். குடிச்சே கெட்டான்.’ கேட்டால் உங்களுக்கு ரத்தம் கொதிக்குமா, கொதிக்காதா? உடனே எத்தனை நியாயம் சொல்வீர்கள்! கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போன கதையைச் சொல்வீர்கள். ரப்பர்த் தோட்டத்துக்குள்ளேயே லயம், உள்ளேயே ஆறாம் வகுப்போடு முடிகிற பள்ளிக்கூடம், உள்ளேயே கள்ளுக்கடை வைத்து வாரக்கூலியைத் திரும்பப் பிடுங்கிய கதையைச் சொல்வீர்கள். ஈயச் சுரங்கத்துக்கு வந்த சீனருக்குப் பட்டணம் பக்கத்திலேயே இருந்தது, குலச் சங்கங்கள் இருந்தன, கடன் கொடுக்க ஆள் இருந்தது என்று விளக்குவீர்கள். அத்தனையும் சரி. பினாங்கில் இவ்வளவு தெளிவாக இருக்கிற உங்கள் மூளை, கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்கியதும் ஏன் மங்கிப்போகிறது?

அப்படியே அமெரிக்காவுக்கும் போங்கள். ‘அங்கே அதிகம் சம்பாதிக்கிற கூட்டமே இந்தியர்தான்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைப் பார்த்துப் பூரித்துப்போகிறோம். 1965-ல் அவர்கள் குடியேற்றச் சட்டத்தை மாற்றினார்கள். டாக்டரும் இன்ஜினீயரும் விஞ்ஞானியும் போனார்கள். நம் வரிப்பணத்தில் நடந்த கல்லூரிகளில் படித்துவிட்டுப் போனார்கள். பிறகு கம்ப்யூட்டர்காரர்கள். வடிகட்டி அனுப்பிவிட்டு, ‘பார், எங்க ஆளுக எவ்வளவு கெட்டிக்காரங்க!’ என்றால்? அதே தமிழன்தான் மலாயாவுக்கும் போனான். ஒருத்தன் கையில் பட்டம் இருந்தது, இன்னொருத்தன் தலையில் கங்காணிக் கடன் இருந்தது. இரண்டு பேர் உடம்பிலும் ஓடியது ஒரே ரத்தம்.

திரும்பிக் கரிசலுக்கே வருகிறேன். சுதந்திரத்துக்கு அப்புறம் கிராமங்களுக்குக் கரன்ட் வந்தது, பம்ப்செட் வந்தது. கமலை போச்சு. கமலை போனதோடு தோல் வாலும் போச்சு. ரப்பர்ச் செருப்பு வந்து மிச்சமிருந்த பிழைப்பையும் முடித்தது. ஒரு தலைமுறைக்குள் ஒரு சமூகத்தின் முழுத் தொழிலும் காணாமல் போனது.

பம்ப்செட் வைத்தவருக்கும் கஷ்டம் வந்தது. கரன்ட் கட்டணம் ஏறியது. அவர்கள் போராடினார்கள், துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்தப் போராட்டத்தை நடத்திய நாராயணசாமி நாயுடு 1984 டிசம்பரில் இதே கோவில்பட்டியில்தான் காலமானார். 1990-ல் தமிழக விவசாயிகள் அனைவருக்கும் இலவச மின்சாரம் வந்தது. நியாயமான போராட்டம், வெற்றி. எனக்கு அதில் ஒரு துளி வருத்தமும் இல்லை. ஆனால் அந்த பம்ப்செட்டால் பிழைப்பு போனவருக்கு ஒரு ரூபாய் நஷ்டஈடு கேட்டு எந்தக் கட்சியாவது ஒரு நாள் பந்த் நடத்தியதா? ‘தொழில் போயிடுச்சே, வேறு என்ன கத்துக் கொடுக்கலாம்?’ என்று எந்த அரசாவது யோசித்ததா? தமிழ்நாட்டுத் தோல் ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூவாகி டாலராகத் திரும்பி வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தோலைத் தொட்டவர் அந்த ஃபாக்டரிகளுக்கு முதலாளி ஆகவில்லை.

அவருக்கு மிஞ்சிய ஒரே ‘அரசு உத்தியோகம்’ நகராட்சித் துடைப்பம். கூடவே மலக்கூடை. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம் போட்டோம். அது போதவில்லை என்று 2013-ல் இன்னொன்று போட்டோம். அதற்குப் பிறகும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி ஆட்கள் சாகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2009-ல் பட்டியல் இனத்தவருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கிச் சட்டம் வந்தது. வழக்குகள் நடந்தன. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் சொல்லிவிட்டது. வீட்டில் முதன்முதலாகப் படித்த பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்கும் இன்ஜினீயரிங் கல்லூரிக்கும் போகிறார்கள். ஐந்நூறு வருஷத்தில் இந்தக் கூட்டத்தின் கைக்கு முதன்முதலாக வந்திருக்கிற, அடகு வைக்க முடியாத நாலு குறுக்கம் இது. இதைப் பார்த்துத்தான் நம்ம ஆசாமிக்கு வயிறு எரிகிறது.

இன்னொரு கையால் என்ன பிடுங்குகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். துடைப்பம் பிடித்தவருக்கு நிரந்தர வேலை, பி.எஃப்., ஓய்வூதியம் என்று கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் அந்த வேலையை கான்ட்ராக்ட்டுக்கு விட ஆரம்பித்தோம். நாற்றமும் அவமானமும் மட்டும் இருந்தவரை அது பரம்பரை வேலை. பென்ஷன் வந்ததும் டெண்டர்! 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை வாசலில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். ‘எங்களை கான்ட்ராக்ட் கம்பெனிக்குத் தள்ளாதே’ என்பதுதான் கோரிக்கை. ராத்திரியோடு ராத்திரியாக போலீஸ் அவர்களைத் தூக்கி பஸ்ஸில் ஏற்றியது. நாம் சுதந்திர தினத்துக்குக் கொடி வாங்கிக்கொண்டிருந்தோம்.

நாளைக் காலையில் உங்கள் தெருவைப் பெருக்க ஒருத்தர் வருவார். எத்தனை வருஷமாக வருகிறார், சம்பளம் மாநகராட்சி தருகிறதா கான்ட்ராக்டர் தருகிறாரா, பி.எஃப். பிடித்தது கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். உழைப்பு, சிக்கனம், ரத்தம் என்று பேசுகிற அந்த நண்பரையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேளுங்கள். விடிகாலை ஐந்தரை மணிக்கு அவர் எழுந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம்.